ஆறு பள்ளி எழுதினோம், ஆறிலும் இடம் இல்லை (லண்டன், ரிசப்ஷன் அட்மிஷன்)

மகிழம்பூ | 16 ஏப்ரல் 2014, இரவு 11.20

வணக்கம். இங்கே வந்து படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மகளுக்கு வரும் செப்டம்பரில் ரிசப்ஷன், நாலு வயதில் சேரும் பள்ளியின் முதல் வகுப்பு. ஜனவரி 15 கடைசித் தேதி. பொங்கலுக்கு முன்பே ஆன்லைனில் அனுப்பிவிட்டோம். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம் என்றார்கள், ஆறையும் எழுதினோம். இன்று மாலை மெயில் வந்தது. ஆறில் ஒன்றும் இல்லை. நாங்கள் எழுதவே எழுதாத ஒரு பள்ளியைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து 2.3 மைல், இரண்டு பஸ் மாற வேண்டும்.

முதலாவதாக எழுதிய பள்ளியின் மைதானம் எங்கள் மாடி ஜன்னலில் நின்றால் தெரியும். மதியம் அங்கே மணி அடித்தால் சமையலறையில் கேட்கும். "என் ஸ்கூல்ல சாப்பாட்டு நேரம்" என்பாள் மகள். கவுன்சில் (உள்ளாட்சி) கணக்குப்படி எங்கள் வீடு அந்தப் பள்ளியிலிருந்து 431 மீட்டர். கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு 388 மீட்டர். நாற்பத்து மூன்று மீட்டரில் போய்விட்டது.

இன்னொரு குழந்தைக்கு எட்டு மாதம். வீட்டுக்காரர் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான்தான்.

இந்த இடத்தை மறுத்தால் வேறு கொடுப்பார்களா? அப்பீல் போகலாமா? ஈஸ்டர் விடுமுறை என்பதால் பள்ளிகளில் போனை எடுக்கவும் ஆள் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரேவதி77 | 16 ஏப்ரல் 2014, இரவு 11.48

மகிழம்பூ, இன்றைக்கு என் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் இதே கதை. நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. முதலில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். விவரம் தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார், நாளைக்குப் பதில் எழுதுவார்.

சேலத்துக்காரன் | 17 ஏப்ரல் 2014, காலை 7.05

சகோதரி, ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒத்துக்கொண்டால் உங்களுக்குத் திருப்தி என்று எழுதிவிட்டு வெயிட்டிங் லிஸ்ட்டில் பின்னால் தள்ளிவிடுவார்கள். மறுத்தால்தான் கவுன்சில் வேறு வழி தேடும். இன்னொன்று, பக்கத்துப் பள்ளியை மட்டும் எழுதியிருந்தால் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று என் ஆபீசில் சொல்கிறார்கள். ஆறையும் எழுதியதுதான் வினை.

ஆனைக்கோட்டையான் | 17 ஏப்ரல் 2014, காலை 9.30

தங்கச்சி, பொறுங்கோ. மேலே தம்பி சொன்ன இரண்டும் பிழை. நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் இதைக் கேட்டு நடந்தவர்கள் செப்டம்பரில் பிள்ளையை வீட்டில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆறு வருஷமாக கவர்னராக, அதாவது பள்ளியை மேற்பார்வை செய்யும் குழுவில், இருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் இந்தக் கணக்குகளை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

கொடுத்த இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. வெயிட்டிங் லிஸ்ட் தனிக் கணக்கு. யார் முதலில் பெயர் கொடுத்தார், யார் வேறு இடத்தை ஏற்றுக்கொண்டார் என்றெல்லாம் அதில் பார்ப்பதில்லை. கவுன்சில் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், அண்ணனோ அக்காவோ அங்கேயே படிக்கும் பிள்ளைகள், பிறகு வீட்டுத் தூரம். இடம் கொடுத்த அதே விதிதான் அங்கேயும். உங்களுக்கு முன் தெருவில் ஒரு குடும்பம் நாளைக்குக் குடிவந்து பெயர் கொடுத்தால் உங்களைத் தாண்டிப் போகும். எண் குறையும், சில நேரம் கூடும். அதைக் கண்டு பயப்படாதீர்கள்.

மறுத்தால் என்ன நடக்கும்? "ஒரு இடம் கொடுத்தோம், வேண்டாம் என்றார்கள்" என்று கவுன்சில் குறித்துக்கொள்ளும். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அதைவிட நல்ல இடம் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

ஒரே பள்ளியை எழுதும் கதையும் அப்படித்தான். எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. ஆறும் உங்களைத் தனித்தனியாகப் பார்க்கும். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் உங்கள் பட்டியலில் மேலே இருப்பது வரும். ஒன்றை மட்டும் எழுதியவர் மற்ற ஐந்து கதவையும் தானே சாத்திக்கொள்கிறார்.

அப்பீல் போகும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ மூன்றிலும் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள்தான், 1998ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் அப்பீல் குழு உங்கள் கஷ்டத்தைக் கேட்டு மனம் இரங்கினாலும் கை கட்டித்தான் இருக்கும். விதியைப் பிழையாகப் போட்டதால் இடம் போனதா, அல்லது நியாயமான எவரும் எடுக்காத முடிவா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். ஆகவே உங்கள் 431 மீட்டரைச் சரிபாருங்கள். நேர்கோட்டில் அளந்தார்களா, நடைபாதையிலா? பள்ளியின் எந்த வாசல் வரை? வெல்கிற அப்பீல்கள் பெரும்பாலும் இப்படியான பிழையில்தான் வெல்கின்றன.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்த அடுத்த டேர்ம் வரை பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. இடத்தை ஏற்றுக்கொண்டு, தொடக்கத்தை மட்டும் ஜனவரிக்கோ அதற்குப் பிறகோ தள்ளிக் கேட்கலாம். அதற்காக இடத்தைப் பறிக்க முடியாது. மகள் எந்த மாதம் பிறந்தவள்?

சேலத்துக்காரன் | 17 ஏப்ரல் 2014, காலை 10.12

நன்றி அண்ணா. மன்னிக்கவும் மகிழம்பூ, நான் கேள்விப்பட்டதை உறுதியாகச் சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் என் மகனுக்கு எழுத வேண்டும், இதைப் பார்க்காமல் இருந்தால் நானே ஒன்றை மட்டும் எழுதியிருப்பேன்.

பாதசாரி | 17 ஏப்ரல் 2014, பகல் 1.40

அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லையா? அவர்கள் முகவரியைக் கொடுத்து வெயிட்டிங் லிஸ்ட்டில் போடலாமே. பலர் செய்கிறார்கள்.

ரேவதி77 | 17 ஏப்ரல் 2014, பகல் 2.15

வேண்டவே வேண்டாம். கவுன்சில் வரி ரசீது, குழந்தை உதவித்தொகை எந்த முகவரிக்குப் போகிறது என்று எல்லாம் பார்க்கிறார்கள். கண்டுபிடித்தால் இடத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். 2008ல் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் உள்ள பூல் கவுன்சில் ஒரு குடும்பம் சொன்ன வீட்டில்தான் இருக்கிறதா என்று பார்க்க, தீவிரக் குற்றவாளியைத் தொடர்வது போல வாரக்கணக்கில் பின்தொடர்ந்தது. அந்தக் குடும்பம் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. அப்படிக் கண்காணித்தது சட்டவிரோதம் என்று 2010ல் தீர்ப்பாயம் சொன்னது. நேர்மையாக எழுதியவர்களுக்கே இந்த நிலைமை.

அதைவிட முக்கியம், பொய் முகவரியில் ஒரு பிள்ளை உள்ளே போனால் 388 மீட்டரில் இருக்கும் இன்னொரு பிள்ளை வெளியே நிற்கும். மகிழம்பூவின் மகளை இப்போது வெளியே நிறுத்தியது அப்படி ஒருவராகக்கூட இருக்கலாம்.

நல்லூர்க்கிளி | 18 ஏப்ரல் 2014, மாலை 6.50

என் மூத்தவனுக்கு 2011ல் இதே நிலைமை. ஏப்ரலில் எந்தப் பள்ளியும் இல்லை. ஜூலையில் கவுன்சிலிலிருந்து கடிதம்: பக்கத்துப் பள்ளியில் கூடுதலாக ஒரு வகுப்பு திறக்கிறோம், 30 இடம். பல்ஜ் கிளாஸ் என்கிறார்கள், ஒரு வருஷத்துக்கு மட்டும் வீங்குகிற வகுப்பு. மைதானத்தின் ஒரு மூலையில் கன்டெய்னர் மாதிரி ஒரு தற்காலிக அறை. மழை பெய்தால் உள்ளே டீச்சர் பேசுவது கேட்காது என்பான் மகன். ஆனால் அந்த 30 பிள்ளைகளும் அவ்வளவு ஒட்டுதல், ஏனென்றால் எல்லாரும் இடம் கிடைக்காமல் வந்த பிள்ளைகள். எல்லாத் தாய்மாரும் ஜூலை வரை அழுதவர்கள்.

எங்கள் கவுன்சில் ஜூன், ஜூலையில் இதை முடிவு செய்தது. உங்கள் கவுன்சிலரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். தனியாக எழுதாமல் உங்கள் தெருவில் இடம் கிடைக்காத எல்லாரும் சேர்ந்து எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர். இளையவளுக்கு ஞானஸ்நானச் சான்றிதழும் சுவாமியாரின் கையெழுத்தும் இருந்ததால் கத்தோலிக்கப் பள்ளியில் சுலபமாகக் கிடைத்தது. அந்தப் பள்ளி மதிலை ஒட்டிய வீட்டில் இருக்கும் மட்டக்களப்புக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை, அவர்கள் சைவர்கள். எங்கள் வீடு அங்கிருந்து அரை மைல். எனக்குக் கிடைத்ததில் சந்தோஷம்தான், ஆனால் காலையில் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. இந்துக்களுக்கு 2008ல் வடமேற்கு லண்டனில் ஹேரோவில் தொடங்கிய கிருஷ்ண அவந்தி மாதிரி ஒன்றிரண்டு இருக்கின்றன, கிழக்கு லண்டனிலிருந்து அங்கே எப்படிப் போவது?

மகிழம்பூ | 24 ஏப்ரல் 2014, இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஐந்து பள்ளிகளின் வெயிட்டிங் லிஸ்ட்டில் பெயர் கொடுத்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளியில் 9ஆவது. ஆனைக்கோட்டை அண்ணா, மகள் பிப்ரவரியில் பிறந்தவள். தள்ளிப்போடலாம் என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

நேற்று பள்ளி திறந்ததும், அந்தத் தூரத்துப் பள்ளிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். 7.40க்கு வீட்டை விட்டோம். முதல் பஸ்ஸில் நடுவில் ஏற்கெனவே இரண்டு தள்ளுவண்டி. டிரைவர் கையைக் காட்டி, வண்டியை மடக்கு, இல்லாவிட்டால் அடுத்த பஸ் என்றார். தூங்கும் குழந்தையை ஒரு கையில், மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வண்டியை எதனால் மடக்குவது? இறங்கி நின்றேன். அடுத்த பஸ், அப்புறம் இரண்டாவது பஸ். கேட்டுக்குப் போனபோது 9.05. மணி 8.50க்கே அடித்துவிட்டது. பஸ்ஸுக்கு ஒரு தடவைக்கு 1.45 பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம், எனக்கு இல்லை. வாரப் பாஸ் எடுத்தால் 20 பவுண்டு சொச்சம்.

பள்ளியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆபீசில் இருந்த அம்மா மகளின் பெயரைக் கேட்டு, தப்பாகச் சொல்லிவிட்டு, மறுபடி கேட்டு, மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார்.

வழியில் நடந்த ஒன்றுதான் மனதை விட்டுப் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு வயதான பெண்மணியிடம் பேச்சுவாக்கில் இடம் கிடைக்காததைச் சொன்னேன். "நீங்கள் எல்லாரும் வந்ததால்தானே எங்கள் பிள்ளைகளுக்கே இடம் இல்லை" என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் சொன்னது உண்மையா?

ஆனைக்கோட்டையான் | 25 ஏப்ரல் 2014, காலை 8.40

தங்கச்சி, இதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன். நம்மால் கூட்டம் கூடவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001ல் பிறந்த பிள்ளைகள் சுமார் 5,95,000. உங்கள் மகள் பிறந்த 2010ல் சுமார் 7,23,000. அந்த 2010ஆம் ஆண்டுப் பிறப்புகளில் நான்கில் ஒன்று வெளிநாட்டில் பிறந்த தாய்க்கு. லண்டனில் இன்னும் அதிகம்.

ஆனால் பிள்ளை பிறந்த அன்றைக்கா ரிசப்ஷனுக்குப் போகிறது? பிறந்தால் பதிவு செய்கிறோம். ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வருகிறார். டாக்டரிடம் பெயர் இருக்கிறது. இந்தப் பிள்ளை 2014 செப்டம்பரில் ஒரு நாற்காலி கேட்டு வரும் என்பது 2010லேயே அரசாங்கத்துக்குத் தெரியும். நான்கு வருஷம் கையில் இருந்தது. தாய் எங்கே பிறந்தவள் என்றாலும் அந்த நான்கு வருஷம் மாறாது.

தெரிந்தும் ஏன் கட்டவில்லை? எண்ணிக்கை குறைந்திருந்த காலத்தில் காலி இடங்களுக்கு ஏன் செலவு என்று வகுப்பறைகளைக் குறைக்கச் சொன்னார்கள். பிறப்பு ஏறத் தொடங்கியதை மெதுவாகத்தான் கவனித்தார்கள். 2014-15 கல்வியாண்டுக்குள் இன்னும் 2,56,000 இடங்கள் தேவை, அதில் 2,40,000 ஆரம்பப் பள்ளியில் என்று போன வருஷம் மார்ச்சில் தேசிய தணிக்கை அலுவலகமே அறிக்கை போட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லண்டனில்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் தேடிக் கொடுக்கும் பொறுப்பு கவுன்சிலுடையது. ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புதுப் பள்ளி வேண்டுமென்றால் முதலில் அகாடமியோ ஃப்ரீ ஸ்கூலோ நடத்த ஆள் தேட வேண்டும். இரண்டும் அரசாங்கப் பணத்தில், ஆனால் கவுன்சிலின் கையில் இல்லாமல் நடப்பவை. ஃப்ரீ ஸ்கூல் தொடங்குபவர் தனக்குக் கட்டிடம் கிடைக்கும் இடத்தில் தொடங்குகிறார், அங்கே பற்றாக்குறை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அகாடமியை வகுப்பு கூட்டு என்று கவுன்சில் கட்டாயப்படுத்தவும் முடியாது. பொறுப்பு ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம். அதனால்தான் இருக்கிற பள்ளிகளை ஊதிப் பெருக்குகிறார்கள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரே ஆரம்பப் பள்ளியில் ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள்.

அந்த அம்மாவுடைய பேரப்பிள்ளைக்கும் இடம் கிடைக்காமல் இருந்திருக்கலாம். அவரும் இதே வரிசையில் நிற்கிறவர்தான்.

வந்தவாசி_குமார் | 27 ஏப்ரல் 2014, இரவு 9.15

ஏப்ரலில் மெயில் வருகிறவர்களுக்காவது ஒரு பட்டியல் இருக்கிறது. நாங்கள் இந்த ஜனவரியில் சென்னையிலிருந்து வந்தோம். பையன் இயர் ஒன். நடுவில் வந்தால் எந்தப் பள்ளியிலும் 30 நிரம்பியிருக்கிறது. ஏழு வாரம் வீட்டிலேயே இருந்தான். காலையில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் தெருவில் போகும்போது திரைச்சீலையை இழுத்து மூடச் சொல்வான். ஆறு வயதுப் பிள்ளை.

எனக்கு வழி காட்டியது நூலகத்தில் பார்த்த ஒரு ஆசிரியை. வருஷ நடுவில் குடிவந்த பிள்ளைக்குப் போகக்கூடிய தூரத்தில் வேறு பள்ளியே இல்லை என்றால், 30 என்ற வரம்பைத் தாண்டி அந்தப் பிள்ளையைச் சேர்க்க விதியில் இடம் இருக்கிறது என்றார். அதே வார்த்தைகளில் கவுன்சிலுக்கு எழுதினேன், ஒன்பதாம் நாள் 31ஆவது பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டார்கள். என்னை மாதிரி வருகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் யாரும் கேட்பதில்லை, எழுத்தில் கேளுங்கள்.

மகிழம்பூ | 8 ஜூலை 2014, மாலை 5.30

அப்பீல் முடிந்தது, தோற்றுவிட்டோம்.

அண்ணா சொன்னபடி தூரத்தைச் சரிபார்த்தேன். பள்ளிக்குப் பின்புறம் ஒரு சின்ன கேட் இருக்கிறது, அங்கே அளந்தால் எங்கள் வீடு 370க்குள் வரும். டேப் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் நடந்து அளந்தோம். மகள் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஆனால் அவர்கள் விதியில் "பிரதான வாசல்" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பஸ், தள்ளுவண்டி எல்லாம் சொன்னபோது நடுவில் இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஆனாலும் ஐந்தாம் நாள் கடிதம் "இல்லை" என்றே வந்தது.

எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாகப் பதினொரு குடும்பம் சேர்ந்து கவுன்சிலருக்கு எழுதினோம். கூடுதல் வகுப்பு திறந்தார்கள், ஆனால் வேறு பள்ளியில். அது எங்களுக்கு ஒன்றேகால் மைல், அதிலும் கிடைக்கவில்லை. நான்கு குடும்பத்துக்குக் கிடைத்தது. வெயிட்டிங் லிஸ்ட்டில் 9ல் இருந்து 4க்கு வந்து, போன வாரம் 5 ஆகிவிட்டது.

தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மற்ற பிள்ளைகள் சேர்ந்து பழகிய பிறகு இவள் தனியாகப் போய் நிற்கக் கூடாது.

மகிழம்பூ | 3 நவம்பர் 2014, பகல் 11.10

அக்டோபர் 15ஆம் தேதி போன் வந்தது. ஒரு குடும்பம் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாம். பக்கத்துப் பள்ளியில் ஒரு இடம். இன்று அரை டேர்ம் விடுமுறை முடிந்து முதல் நாள். 8.38க்கு வீட்டைப் பூட்டினேன், 8.45க்கு கேட்டில் நின்றோம்.

ஆனால் போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, தூரத்துப் பள்ளியில் கடைசி நாள், அவள் அழுத அழுகையை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழு வாரத்தில் அங்கே ஒரு சினேகிதி கிடைத்துவிட்டாள். 9.05க்குப் போனாலும் டீச்சர் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. கதவருகிலேயே ஒரு கொக்கியில் இவள் பெயரை ஒட்டி வைத்திருந்தார், தாமதமாக வந்தாலும் யாரையும் தாண்டிப் போகாமல் கோட்டை மாட்டிக்கொள்ள. அந்தப் பெயர் ஒட்டிய சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தனுப்பினார்.

ரேவதி77 | 3 நவம்பர் 2014, பகல் 12.30

கண் கலங்கிவிட்டது. தம்பி இருக்கிறானே, அவனுக்கு இனி உடன்பிறந்தவர் விதியில் கிடைத்துவிடும். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

மகிழம்பூ | 19 நவம்பர் 2024, இரவு 10.40

பத்து வருஷம் கழித்து இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன். யாராவது இன்னும் இங்கே இருக்கிறீர்களா?

மகள் இப்போது இயர் டென். தம்பி இந்த செப்டம்பரில் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டான். எங்கள் பக்கத்துப் பள்ளியில் ஒவ்வொரு வயதுக்கும் மூன்று வகுப்பு இருந்தது இரண்டாகக் குறைந்துவிட்டது. கேட்டில் பெரிய பேனர்: ரிசப்ஷனில் இடம் இருக்கிறது, வந்து பாருங்கள். முதலில் பார்த்தபோது நின்று இரண்டு தடவை படித்தேன்.

தூரத்துப் பள்ளி, அன்றைக்கு எங்களுக்கு இடம் கொடுத்த ஒரே பள்ளி, அதை மூடுவது பற்றிக் கவுன்சில் கருத்துக் கேட்கிறது. ரிசப்ஷனில் இந்த வருஷம் 14 பிள்ளைகள்தானாம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் பணம் வருகிறது, 14 பிள்ளைகளின் பணத்தில் முப்பது பேருக்கான வகுப்பை நடத்த முடியவில்லை என்கிறார்கள். கொக்கியில் பெயர் ஒட்டிய அந்த டீச்சர் இப்போது அங்கே துணைத் தலைமையாசிரியர்.

ஆனைக்கோட்டையான் | 20 நவம்பர் 2024, காலை 7.55

இருக்கிறேன் தங்கச்சி. கவர்னர் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த பிள்ளைகள் சுமார் 5,91,000. 2001ஐ விடக் குறைவு. வாடகை கொடுக்க முடியாமல் இளம் குடும்பங்கள் லண்டனை விட்டே போகின்றன. லண்டனிலேயே ஹாக்னியில் நான்கு ஆரம்பப் பள்ளிகளை மூடவோ இன்னொன்றோடு இணைக்கவோ முடிவெடுத்து இந்தக் கோடையோடு நடத்தி முடித்துவிட்டார்கள்.

இப்போதும் நான்கு வருஷம் முன்பே தெரிந்த எண்தான். பள்ளியை மூடாமல் வகுப்பை மட்டும் குறைக்கலாம், ஒரு பகுதியை நர்சரிக்கோ சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கோ கொடுக்கலாம், பிறப்பு திரும்ப ஏறினால் கட்டிடம் கையில் இருக்கும். மூடி நிலத்தை விற்றுவிட்டால் திரும்ப வராது. இதை எழுத்தில் சொல்ல வேண்டும். இப்போது நடப்பது முதல் கட்டம். அதன் பிறகும் மூடத்தான் போகிறோம் என்றால் நோட்டீஸ் போட்டு, நான்கு வாரம் எழுத்தில் கருத்து வாங்க வேண்டும். இரண்டு தடவையும் எழுதுங்கோ. முதல் தடவை எழுதியவர்கள் பலர் இரண்டாவது தடவை மறந்துவிடுகிறார்கள்.

பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறார்களா?

மகிழம்பூ | 20 நவம்பர் 2024, காலை 8.20

அடுத்த செவ்வாய் மாலை ஆறரைக்கு, பள்ளியின் சாப்பாட்டு அறையில். பழைய பெற்றோரும் வரலாம் என்று போட்டிருக்கிறது. மகளும் வருகிறேன் என்கிறாள்.

ஆனைக்கோட்டையான் | 20 நவம்பர் 2024, காலை 8.31

நானும் வருகிறேன். எந்த பஸ்?